அமைச்சர் கையில் பிவா: ஜப்பான் அரண்மனை இசையும் அதை வாசித்த பிரபுக்களும்

12ஆம் நூற்றாண்டில் கியோத்தோ அரண்மனையில் பெரிய சடங்கு ஒன்று முடிந்து, விருந்தும் ஓய்ந்தபின் வாத்தியங்களைக் கொண்டுவருவார்கள். வாசிக்கப்போகிறவர்கள் அமைச்சர்கள், அரசவை ஆலோசகர்கள், மெய்க்காவல் படையின் உயரதிகாரிகள், சில நாள்களில் பேரரசரே. இந்த அமர்வுக்குக் கியோயூ என்று பெயர். யார் எதை வாசித்தார்கள் என்பதை அரசவையினர் தம் நாட்குறிப்புகளில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். மரக்கட்டை தட்டிப் பாட்டை நடத்தியவர் இன்னார், பின்பாட்டு இன்னார், ஊது வாத்தியங்களான ஷோ, குழல், ஹிச்சிரிக்கி இன்னின்னார், தந்தி வாத்தியங்களான பிவா, கோத்தோ, வாகோன் இன்னின்னார் என்று பட்டியல் போகும். இசை ஆர்வம் மட்டும் இதற்குக் காரணமில்லை. அடுத்த முறை யாரை அழைப்பது, யாருக்கு எந்த இடம் என்று தகராறு வந்தால் காட்டுவதற்கு முன்னுதாரணம் வேண்டும்.

நிரலும் ஏறக்குறைய வாடிக்கையானது. முதலில் ரியோ எனும் சுர அமைப்பில் ஒரு பகுதி, பிறகு ரித்சு எனும் அமைப்பில் ஒரு பகுதி. ரியோவில் ‘அனதோ’, ‘முஷிரோதா’ ஆகிய பாடல்கள். ரித்சுவில் ‘இசே நோ உமி’ எனும் பாடலும் ‘மான்சாய்ராக்கு’ எனும் வாத்திய உருப்படியும் திரும்பத் திரும்ப வருகின்றன. பாடல்கள் சாய்பாரா எனும் வகை. நாட்டுப்புறப் பாட்டின் சொற்களை எடுத்து அரண்மனை வாத்தியங்களோடு மெதுவாக நீட்டிப் பாடுவது.

அதே அரண்மனையில் இன்னொரு கூட்டமும் உண்டு. பரம்பரைத் தொழிற்கலைஞர்களான இவர்களுக்கு ஜிகே என்று பெயர். மண்டபத்தில் ஏறும் உரிமையில்லை. முற்றத்தில் நடக்கும் நடனத்துக்கும் ஊர்வலத்துக்கும் வாசிப்பது இவர்கள் வேலை. பலர் மெய்க்காவல் படையில் சிறு பதவி வகித்து அதிலிருந்து சம்பளம் பெற்றார்கள். மேலே இருந்த பிரபுக்களும் கீழே இருந்த குலத்தாரும் வாசித்தது ஒரே இசை. ஆனால் கற்றதும் காத்ததும் வெவ்வேறு பங்கு. ககாக்கு எனப்படும் இந்த இசையை ‘ஆயிரம் ஆண்டாக மாறாதது’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதை நம்ப வேண்டியதில்லை. எது நின்றது, எது போனது என்பதைப் பெரும்பாலும் இந்தப் பங்கீடுதான் முடிவு செய்தது.

கடல் கடந்து வந்த சரக்கு

701ஆம் ஆண்டின் தைஹோ சட்டத்தொகுப்பு அரண்மனையில் இசைக்கென்று ஓர் அலுவலகம் அமைத்தது. சீனத்துத் தாங் அரசின் விருந்திசை, கொரிய அரசுகளின் இசை, உள்ளூர்ப் பாட்டு ஆட்டங்கள் எல்லாம் அங்கே தனித்தனி ஆசிரியர்களிடம் கற்பிக்கப்பட்டன. 752இல் நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் பெரும் புத்தர் சிலைக்குக் கண்திறப்பு நடந்தபோது இவை அத்தனையும் ஒரே நாளில் அரங்கேறின. தூரிகை பிடித்துச் சிலையின் கண்ணை வரைந்தவர் இந்தியத் துறவி போதிசேனர். 736இல் அவரோடு ஜப்பானுக்கு வந்தவர்களில் ஒருவர் லின்யி நாட்டுத் துறவி புத்தெத்சு. லின்யி என்பது இன்றைய நடு வியட்நாம். அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படும் உருப்படிகளில் ஒன்று ‘கார்யோபின்’. புத்த நூல்களில் வரும் கலவிங்கப் பறவையின் ஆட்டம் அது. முதுகில் சிறகு கட்டிய நான்கு சிறுவர்கள் கையில் சிறு தாளம் தட்டி ஆடுவார்கள். இந்தியத் தொடர்பு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ககாக்குவே இந்தியாவிலிருந்து போனது என்று பேசுவது மிகை.

விழாவில் பயன்பட்ட பொருள்கள் பல இன்றும் நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தில் இருக்கின்றன. சந்தன வகை மரத்தில் முத்துச்சிப்பி பதித்த ஐந்து தந்திப் பிவா ஒன்று அங்கே உண்டு. அந்த வகையில் பழங்காலத்திலிருந்து எஞ்சியது உலகில் அது ஒன்றே.

9ஆம் நூற்றாண்டில் இந்தச் சரக்கைக் கழித்துக் கட்டி ஒழுங்குபடுத்தினார்கள். தாங் வழி இசையும் தெற்கு நாட்டு இசையும் ‘இடப்பக்கம்’, கொரிய வழி இசை ‘வலப்பக்கம்’ ஆயின. இடப்பக்க ஆட்டக்காரருக்குச் சிவப்பு உடை, வலப்பக்கத்தாருக்குப் பச்சை. பல வாத்தியங்கள் கழிக்கப்பட்டன. இந்தக் காலத்தில்தான் பிரபுக்கள் களத்தில் இறங்குகிறார்கள். 838இல் தூதுக்குழுவோடு சீனம் சென்ற ஃபுஜிவாரா நோ சாதாதோஷி பிவா கற்று, மறு ஆண்டு இசைக்குறிப்புகளோடு திரும்பினார். பிற்கால பிவா மரபுகள் எல்லாம் தம் குரு வரிசையை அவரில்தான் தொடங்குகின்றன.

வாத்தியங்களும் அவற்றின் தொல்லைகளும்

இடப்பக்க இசையான தோகாக்குவை நடனமின்றி வாசிக்கும்போது எட்டு வாத்தியங்கள்: மூன்று ஊது வாத்தியம், இரண்டு தந்தி வாத்தியம், மூன்று கொட்டு.

ஷோவில் 17 மூங்கில் குழாய்கள் ஒரு கிண்ணத்தில் வட்டமாகச் செருகியிருக்கும். 15 ஒலிக்கும், 2 வெறும் அழகுக்கு. ஒலிக்கும் ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய உலோக ரீடு மெழுகால் ஒட்டியிருக்கும். ஊதினாலும் ஒலிக்கும், உறிஞ்சினாலும் ஒலிக்கும். ஐந்து அல்லது ஆறு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் 11 கூட்டொலிகள் இதற்கு உண்டு. இதன் எதிரி ஈரம். மூச்சின் நீராவி குளிர்ந்த ரீடில் படிந்தால் சுருதி இறங்கும், பிறகு ரீடு அடைத்தே போகும். அதனால் வாசிப்பதற்கு முன்பும், இரண்டு உருப்படிகளுக்கு இடையிலும், சும்மா இருக்கும் நேரத்திலும் கிண்ணத்தைச் சிறு கணப்பின் மேல் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார்கள். முன்பு கரி அடுப்பு, இப்போது பெரும்பாலும் மின்கணப்பு. அதிகம் சூடானால் மெழுகு இளகி ரீடு கழன்றுவிடும். ஈரம் ஒட்டாதிருக்கப் பச்சைக் கல்லை நீர்விட்டு அரைத்து ரீடின் மேல் பூசுவதும், நுனியில் ஈயம் கலந்த மெழுகுப் பொட்டு வைத்துச் சுருதி சேர்ப்பதும் தேர்ந்த கைவினைஞரின் வேலை. வாசிப்பவர்களும் அவ்வப்போது வாத்தியத்தைப் பிரித்துக் கழுவி மறுபடி சுருதி சேர்க்க அனுப்பியாக வேண்டும்.

ஹிச்சிரிக்கி சுமார் 18 செ.மீ. நீள மூங்கில் குழல். முன்னால் 7 துளை, பின்னால் 2. அளவுக்கு மீறிய பெரிய சீவாளி இதன் தலையில் இருக்கும். நாணல் துண்டின் ஒரு முனையைச் சூட்டில் அழுத்தித் தட்டையாக்கிச் சீவி, மறு முனையில் காகிதம் சுற்றிக் குழலுக்குள் செருகுவார்கள். இடையில் பிரம்பு வளையம் ஒன்று வாயின் திறப்பைக் கட்டுப்படுத்தும். வாசிப்பதற்கு முன் சூடான பச்சைத் தேயிலை நீரில் ஊறவைக்க வேண்டும். ஊறல் போதாவிட்டால் ஒலியே எழாது. கூடிவிட்டால் வாய் அகன்று சுருதி இறங்கும். விரலை அசைக்காமல் உதட்டை மட்டும் தளர்த்தியும் இறுக்கியும் பல சுரம் வரை இழுக்கலாம். ககாக்குவின் இழைவு என்று நம் காதில் விழுவது இதுதான். தொடக்க மாணவருக்குத் தொல்லையும் இதுதான். விரல் சரியாக இருக்கும், சுரம் மட்டும் தப்பாக வரும்.

இந்தச் சீவாளிக்கு ஏற்ற நாணல் ஓசாகா மாவட்டத்தில் தகாத்சுகி நகரை ஒட்டிய யோதோ ஆற்றுப் படுகையில், உதோனோ என்ற இடத்தில் விளைகிறது. ஆண்டுதோறும் குளிர்கால முடிவில் நாணல் காட்டை எரித்தால்தான் கொடிகளும் களைகளும் அடங்கும். இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வானிலையாலும் பெருந்தொற்றாலும் 2 ஆண்டுகள் எரிப்பு நின்றுபோனது. கொடிகள் ஏறி, சீவாளிக்கான நாணல் ஏறக்குறைய அழிந்தது. கலைஞர்களே படுகையில் இறங்கிக் கொடி பிடுங்க வேண்டியதாயிற்று. மூங்கில் குழல் பல தலைமுறை நிற்கும், சீவாளி அப்படியல்ல. ஆற்றோரத்து ஒரு காடு கெட்டால் அரண்மனை இசையின் முதன்மைக் குரலே கம்மிவிடும்.

மூன்றாவது ஊது வாத்தியம் ரியூதெக்கி, 7 துளைப் புல்லாங்குழல். கொரிய வழி இசைக்கு 6 துளை கொண்ட குட்டைக் குழல் கோமாபுவே.

பிவாவுக்கு 4 தந்தி, தந்தியை அழுத்திப் பிடிக்க வீணையில் உள்ளதுபோல் 4 மெட்டு. உருப்படியின் சுர அமைப்புக்கு ஏற்பச் சுருதி மாற்ற வேண்டும். கோத்தோவுக்கு 13 தந்தி. ஒவ்வொரு தந்தியின் குதிரையையும் நகர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். உள்ளூர் வாத்தியமான வாகோனுக்கு 6 தந்தி. அதன் குதிரை மேப்பிள் மரக் கவட்டைத் துண்டு, பட்டையோடு அப்படியே. இன்று வாகோன் சீன வழி இசையில் சேராது, தெய்வப் பாடல் முதலிய உள்ளூர்ப் பாட்டுகளோடு மட்டும்.

கொட்டில் கக்கோ எனும் சிறு இருமுக மேளம் தலைமை. தொங்கும் பெரிய தைக்கோ நீண்ட சுற்றுக்கு ஒரு முறை விழும். ஷோக்கோ சிறிய வெண்கலத் தட்டு. சுருதி ஆதாரம் நம் காலத்து மேற்கத்திய அளவைவிடச் சற்றுத் தாழ்வு: ஓஷிக்கி எனும் சுரம் 430 ஹெர்ட்ஸ்.

ஓர் உருப்படி எப்படித் தொடங்குகிறது?

பலர் கேட்டிருக்கக்கூடிய ‘எதென்ராக்கு’வை எடுத்துக்கொள்வோம். முதலில் நெதோரி எனும் சிறு முன்னிசை. சுருதியைக் காட்டி மனநிலையை அமைப்பது அதன் வேலை. ஷோ தொடங்கும், ஹிச்சிரிக்கி, குழல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். பிறகு உருப்படியைத் தலைமைக் குழல் மட்டும் எடுக்கும், கூடவே கொட்டு. குறித்த இடம் வந்ததும் ஷோ, ஹிச்சிரிக்கி, மற்றக் குழல்கள் எல்லாம் நுழையும். அடுத்து பிவா, அதற்கும் அடுத்து கோத்தோ. முடிக்கும்போது தலைமை வாத்தியக்காரர் மட்டும் சில சுரங்களைத் தாளமின்றி வாசிக்க, கடைசியில் பிவாவும் கோத்தோவும் சொட்டுச் சொட்டாக முடித்து வைக்கும்.

‘எதென்ராக்கு’வில் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 4 எண்ணிக்கை கொண்ட 8 சுற்று. தைக்கோ 4 சுற்றுக்கு ஒரு முறை விழும். கையசைத்து நடத்த யாரும் இல்லை. கக்கோக்காரர் ஒற்றை அடியிலும், மெதுவாகத் தொடங்கி விரையும் உருட்டலிலும் வேகத்தைச் சொல்வார். ஆனால் உண்மையில் எல்லாரையும் சேர்த்துப் பிடிப்பது ஷோவின் மூச்சு. ஒரு கூட்டொலியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது விரல்கள் ஒரே நேரத்தில் நகர்வதில்லை, வரிசை உண்டு. அடி விழும் முன் ஒலி பெருகும், மூச்சுத் திசை மாறும். அந்தப் பெருக்கத்தைக் கேட்டு மற்றவர்கள் இறங்குவார்கள். எண்ணிக்கையை மனத்துக்குள் சீராக எண்ணி வாசிக்கும் புதியவர் எப்போதும் அரை அடி முந்திப் போவார். காரணம், சுற்றின் கடைசி எண்ணிக்கை கொஞ்சம் நீளும். அந்த நீட்சியைக் காகிதத்தில் எழுத முடியாது.

அதனால்தான் கற்பது வாயில் தொடங்குகிறது. ஷோகா எனும் வாய்ப்பாட்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சொற்கட்டு உண்டு. ‘எதென்ராக்கு’ ஹிச்சிரிக்கிக்கு ‘சி ரா ரோ’ என்று தொடங்கினால், குழலுக்கு ‘தோ ரா ரோ’. தொடையில் தட்டிக்கொண்டு இதைப் பாடி மனப்பாடம் ஆனபிறகே வாத்தியம் கைக்கு வரும். இழைவு, நீட்சி, மூச்சு வாங்கும் இடம் எல்லாம் இந்த வாய்ப்பாட்டில்தான் இருக்கின்றன. ஏட்டைப் பார்த்து நேராகக் குழலை எடுத்தவரின் வாசிப்பு உடனே தெரிந்துவிடும்: சுரங்கள் தனித்தனியாக நிற்கும், இடையில் ஒன்றும் ஓடாது.

பிரபுக்கள் ஏன் வாசித்தார்கள்?

13ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜுன்தோக்கு அரண்மனை நடைமுறைகளைப் பற்றி எழுதிய ஏட்டில், பேரரசர் கற்க வேண்டியவற்றில் முதலில் கல்வியையும் அடுத்து இசையையும் வைக்கிறார். கவிதை அதற்குப் பின்னால்தான். கன்ஃபியூசிய நூல்களின்படி சடங்கும் இசையும் ஆட்சியின் இரு கைகள். நடைமுறைக் காரணமும் உண்டு: மண்டபத்தில் ஏறும் உரிமை உள்ளவருக்கு ஒரு வாத்தியம் கைவசம் இருந்தால், பேரரசருக்கு அருகில் உட்கார ஒரு வாய்ப்பு.

எந்த வாத்தியம் என்பதிலும் அரசியல் இருந்தது. 11, 12ஆம் நூற்றாண்டுப் பேரரசர்கள் குழல் வாசித்தார்கள். ஹோரிகாவா அதில் பேர்போனவர். 13ஆம் நூற்றாண்டில் பிவா பேரரசரின் வாத்தியமாக உயர்ந்தது. அரச மரபு இரண்டாகப் பிளந்தபோது ஒரு கிளை பிவாவையும் மறு கிளை குழலையும் தன் அடையாளமாக்கிக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் ஆஷிகாகா தகாவுஜி, யோஷிமித்சு போன்ற படைத்தலைவர்கள் ஷோ கற்கவும், பேரரசர்களும் ஷோவுக்கு மாறினார்கள். ஷோவைக் கற்பித்த தோயோஹாரா குலத்தாரின் செல்வாக்கு அந்தத் தலைமுறையில் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஹிச்சிரிக்கிக்கு மட்டும் அரண்மனையில் மதிப்புக் குறைவு. 1000ஆம் ஆண்டையொட்டி எழுதிய செய் ஷோனாகோன் எனும் அரண்மனைப் பெண், அதன் ஒலியை இரைச்சல் பூச்சியின் கத்தலோடு ஒப்பிடுகிறார். ஷோ நிலவில் கேட்க இனிது, ஆனால் ஊதுகிறவர் முகம் எப்படியிருக்குமோ என்றும் கிண்டல் செய்கிறார். பிரபுவுக்கு முகம் முக்கியம். கன்னம் உப்பி, முகம் சிவந்து ஊத வேண்டிய வாத்தியம் பரம்பரைக் கலைஞர் வீட்டுக்குப் போனதில் வியப்பில்லை.

ஆட்டமும் பிரபுக்களுக்கு அந்நியமில்லை, இளவயதில் மட்டும். 1176இல் முன்னாள் பேரரசர் கோ-ஷிராகாவாவின் 50ஆம் வயது விழாவில் தைரா நோ கொரேமோரி ‘செய்காய்ஹா’ ஆடியதை அரசவையே பேசியது. வயது ஏறி, பதவியும் ஏறியபின் ஆடமாட்டார்கள்; தந்தி மீட்டுவார்கள், பாடுவார்கள்.

இவர்களைப் பொழுதுபோக்கு வாசிப்பாளர்கள் என்று ஒதுக்க முடியாது. பேரரசர் தைகோவின் பேரர் மினாமோத்தோ நோ ஹிரோமாசா 966இல் பேரரசர் ஆணைப்படி குழலுக்கான இசைக்குறிப்புத் தொகுப்பை முடித்தார். அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘சோகெய்ஷி’யைத்தான் இன்றும் நடன நிகழ்ச்சிகளின் முடிவில், கூட்டம் எழுந்து போகும் நேரத்தில் வாசிக்கிறார்கள்.

அவரைவிட ஒரு படி மேலே ஃபுஜிவாரா நோ மோரோநாகாவை வைக்கலாம். தந்தை யோரிநாகா 1156 கலகத்தில் தோற்று மாண்டார். மகன் தோசா மாகாணத்துக்கு நாடு கடத்தப்பட்டார். மீண்டு வந்து 1177இல் அரசவையின் உச்சப் பதவியை அடைந்தார். 1179இல் தைரா குலத் தலைவர் கியோமோரி ஆட்சியைப் பிடித்தபோது மீண்டும் நாடு கடத்தல், இம்முறை ஓவாரிக்கு. இப்படிப்பட்ட வாழ்க்கையில் அவர் பிவாவுக்கு 12 சுருள், கோத்தோவுக்கு 12 சுருள் என்று இரு பெருந்தொகுப்புகள் செய்தார். தம் காலத்துக்கு முந்தைய ஏடுகளை ஒப்பிட்டு, ஒரே உருப்படிக்கு வேறு வேறு பாடங்களையும் பக்கத்தில் தந்திருக்கிறார். துறவு பூண்டபின் அவர் அறியப்பட்ட பெயர் மியோஒன்-இன். மியோஒன் என்பது கையில் பிவா ஏந்திய பென்சாய்தென்னின், அதாவது சரஸ்வதியின், ஒரு பெயர். பிவா குடும்பங்கள் எல்லாம் இந்தத் தெய்வத்தைத்தான் வழிபட்டன. அவற்றில் ஒன்றான சாயோன்ஜி குடும்பத்தின் வழிபாட்டு மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கியோத்தோ அரண்மனைப் பூங்காவின் ஷிராகுமோ கோயில் இருக்கிறது.

ரகசியம் எனும் பூட்டு

பிவாவில் மூன்று உருப்படிகள் மறைபொருள். அவற்றில் ‘தகுபோக்கு’ எனும் மரங்கொத்தி உருப்படிதான் கடைசிப் படி. கற்பிப்பதற்கு நாள் குறித்து, தெய்வத்தின் முன் சடங்கு நடத்தி, பௌத்த மந்திர மரபின் தீட்சையைப் போலவே கொடுப்பார்கள். பேரரசரும் இந்தச் சடங்குக்கு உட்பட்டே பெற்றார். ரகசியம் என்றால் மதிப்பு. மதிப்பு என்றால் பதவி. ஆனால் ஒருவரோ இருவரோ மட்டும் அறிந்த ஒன்று ஒரு காய்ச்சலில் போய்விடும்.

காய்ச்சலே தேவையில்லை என்று காட்டியது 1100ஆம் ஆண்டு. தெய்வப் பாடலிலும் வலப்பக்க நடனத்திலும் தலைசிறந்த ஓ நோ சுகேதாதாவை, சக கலைஞரான யாமாமுரா மாசாத்சுரா கொலை செய்தார். மூத்த மகனும் உடன் மாண்டார். எஞ்சிய இளைய மகன்களுக்குத் தந்தையின் வித்தை முழுதும் வந்து சேரவில்லை. ஓ குலத்தோடு பல உருப்படிகள் அழிந்திருக்க வேண்டும். அழியாததற்குக் காரணம், சுகேதாதாவிடம் தெய்வப் பாடல் கற்றிருந்த பேரரசர் ஹோரிகாவா. அவர் தாம் கற்றதைச் சுகேதாதாவின் மகன் தாதாகாத்தாவுக்குத் திருப்பிக் கற்பித்தார். ‘கொன்ஜு’ நடனத்தை அதேபோலத் திருப்பிக் கொடுத்தவர் பிரபு மினாமோத்தோ நோ மாசாசானே. ‘சாய்சோரோ’ எனும் முதியவர் ஆட்டம் தென்னோஜி கோயில் கலைஞரிடமிருந்து வந்து சேர்ந்தது. சீடராக இருந்த பிரபு, ஆசிரியர் வீட்டுக்குக் காப்புப் பிரதியாக ஆன சம்பவம் இது.

தோயோஹாரா குலத்தைப் பற்றியும் இதே அச்சில் ஒரு கதை உண்டு. ஷோவின் ரகசிய உருப்படியைக் கற்ற மினாமோத்தோ நோ யோஷிமித்சு போருக்குப் போகும் வழியில், தந்தையை இழந்த ஆசிரியர் மகனுக்கு ஆஷிகாரா மலையில் அதை ஒப்படைத்தார் என்பது கதை. கணக்குப் பார்த்தால் பொருந்தாது. அந்தப் போர் 1080களில் நடந்தது. ஆசிரியர் தோகிமோத்தோ 1123 வரை வாழ்ந்தார். இருந்தும் கதை நிலைத்ததற்கு, மேற்சொன்ன வகையில் நிஜமாகவே நடந்திருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தந்தி ஏடு சொல்வதும் இன்றைய வாசிப்பும்

பிவா ஏட்டில் 20 குறிகள்: 4 திறந்த தந்தி, 16 மெட்டு இடங்கள். எந்தச் சுருதி அமைப்பு என்று தெரிந்தால் ஒவ்வொரு குறிக்கும் ஒரே சுரம்தான். கோத்தோ ஏடும் அப்படியே, 13 தந்திக்கு 13 பெயர். ஊது வாத்திய ஏடு வேறு வகை. விரல் இடத்தைச் சொல்லும். உதடு செய்வதைச் சொல்லாது. பழைய இசை எப்படி ஒலித்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு மோரோநாகாவின் சுருள்கள் தங்கமாக இருப்பது இதனால்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பிக்கெனும் அவர் குழுவினரும் இந்த ஏடுகளை எடுத்துப் பார்த்துச் சொன்னது, ஜப்பானில் பலருக்கு உவக்கவில்லை. பழைய பிவா, கோத்தோ ஏடுகளில் தெளிவான மெட்டு ஒன்று இருக்கிறது. ஷோவின் கூட்டொலிகளில் பெரும்பாலும் அடிச்சுரத்தை மட்டும் தொடர்ந்து வாசித்தாலும் அதே மெட்டு கிடைக்கிறது. அதைப் பல மடங்கு வேகமாக வாசித்தால் பாடக்கூடிய தாங் காலத்து ராகம் வருகிறது. இன்று நாம் மெட்டு என்று கேட்கும் ஹிச்சிரிக்கி, குழலின் ஓட்டம், வேகம் குறையக் குறைய இடைவெளியை நிரப்பிப் பின்னால் வளர்ந்த அலங்காரம் என்பது அவர்கள் வாதம். வேகம் எத்தனை மடங்கு குறைந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குறைந்தது என்பதில் பெரிய மறுப்பு இல்லை. ஷோவையும் தந்தியையும் தனியாகக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள். ஹிச்சிரிக்கிக்கு அடியில் வேறொரு பாட்டு மெதுவாக நகர்வது கேட்கும்.

தந்தியில் இழப்பு மிகத் தெளிவாகத் தெரிகிறது. மோரோநாகாவின் கோத்தோ ஏட்டில் இடக்கையால் தந்தியை அழுத்திச் சுரத்தை உயர்த்தும் நுட்பங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய அரண்மனைக் கோத்தோவில் இடக்கைக்கு அந்த வேலை இல்லை. ஷிசுகாகி, ஹயாகாகி எனும் இரண்டு அடிப்படைக் கோலங்களும் சில தனிச் சுரங்களுமே பெரும்பகுதி. பிவாவும் நான்கு தந்தியையும் ஒரே வீச்சில் மீட்டித் தாளத்தைக் காட்டுவதோடு பெரும்பாலும் நிற்கிறது. ஒவ்வொரு வாத்தியமாக விலகி, கடைசியில் கோத்தோ மட்டும் தன் கோலத்தை விரித்து வாசிக்கும் நோகோரிகாக்கு முறையில்தான் பழைய தந்தி வித்தையின் மிச்சத்தைக் கேட்கலாம்.

முறிவு 1467இல் வந்தது. ஓனின் போர் 10 ஆண்டு கியோத்தோவை எரித்தது. பிரபுக்கள் கிராமங்களுக்குச் சிதறினார்கள், வருமானம் நின்றது, கியோயூ நடத்த ஆளும் இல்லை, மண்டபமும் இல்லை. சாய்பாரா பாடுவதே நின்றுபோனது. 1512இல் தோயோஹாரா சுமியாகி தம் குலம் அறிந்ததை எல்லாம் பெரிய கலைக்களஞ்சியமாக எழுதி முடித்ததற்கு அந்த அச்சமும் காரணம். நாராவிலும் ஓசாகா தென்னோஜியிலும் இருந்த கோயில் கலைஞர்கள் பிழைத்திருந்தார்கள். கோயிலுக்கு ஆண்டுச் சடங்கு உண்டு, சடங்குக்கு நடனம் வேண்டும், நடனத்துக்கு ஊது வாத்தியமும் கொட்டும் போதும். தந்தி தேவையில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பேரரசர்கள் இவர்களைக் கியோத்தோவுக்கு அழைத்து, எஞ்சிய கியோத்தோக் குலத்தாரோடு சேர்த்து மூன்று பிரிவுக் கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். பின்னர் நாட்டை ஆண்ட தோகுகாவா படைத்தலைவர்களின் அரசு இவர்களுக்கு 2000 கோக்கு (தானிய அளவை) நெல் வருமானம் ஒதுக்கியது. 1642இல் எதோ நகரின் (இன்றைய தோக்கியோ) கோட்டையிலும் ஒரு குழுவை அமர்த்தியது.

பிரபுக்களும் மீண்டார்கள், ஆனால் ஏட்டிலிருந்து. 1626இல் பேரரசர் கோ-மிசுனோஒ நிஜோ கோட்டைக்கு வந்தபோது, நின்றுபோன ‘இசே நோ உமி’யை யோத்சுத்சுஜி குடும்பத்தவர் மறுபடி அமைத்துப் பாட வைத்தார்கள். இன்று பாடப்படும் சில சாய்பாராக்களும் இப்படி ஏட்டிலிருந்து எழுப்பப்பட்டவையே. தோகுகாவா ஆட்சி நடந்த எதோ காலம் முழுதும் பங்கீடு கெட்டியாக இருந்தது: பிவா சாயோன்ஜி, ஃபுஷிமி குடும்பங்களுக்கு, பாட்டு அயானோகோஜிக்கு, கோத்தோவும் வாகோனும் யோத்சுத்சுஜிக்கு. குலத்தார் அவற்றைத் தொட வேண்டுமானால் அந்தந்தப் பிரபு வீட்டு அனுமதி வேண்டும்.

1870இல் மெய்ஜி அரசு ககாக்கு அலுவலகம் அமைத்து, இந்த வீட்டு உரிமைகளைப் பேரரசரிடம் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. மூன்று ஊர்க் கலைஞர்களும் தோக்கியோவில் ஒரே அலுவலகத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஒரே உருப்படிக்கு மூன்று பாடம் இருந்ததால் சேர்ந்து வாசிக்கவே முடியவில்லை. 1876இலும் 1888இலும் அதிகாரபூர்வ ஏடுகள் தொகுக்கப்பட்டன; அதில் சேராதவை வழக்கிலிருந்தே விழுந்தன. 1874இலிருந்து இதே கலைஞர்கள் மேற்கத்திய வாத்தியமும் கற்றார்கள். 1880இல் ஜப்பானின் நாட்டுப்பண்ணான ‘கிமிகாயோ’வுக்கு இன்றைய மெட்டு பிறந்தது இவர்களிடையேதான்.

அரண்மனையின் இன்றைய இசைத்துறையில் ஒருவர் ஓர் ஊது வாத்தியம், ஒரு தந்தி, கொட்டு, பாட்டு, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு நடனம், கூடவே ஒரு மேற்கத்திய வாத்தியம் என்று எல்லாம் கற்க வேண்டும். ஊது வாத்தியமும் நடனமும் வீட்டு வித்தை. தந்தி அதற்கு அடுத்தபடி. பிரபு வீட்டில் வாழ்நாள் முழுக்க ஒருவர் சுமந்த பிவா, இப்போது ஹிச்சிரிக்கிக்காரரின் இரண்டாம் வாத்தியம். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ககாக்கு இந்த வடிவம்தான். மோரோநாகாவின் 24 சுருள்களைப் படித்து, இடக்கை வித்தையோடு மீட்டிப் பார்க்கும் முயற்சிகள் ஆய்வாளர்களாலும் சில தனிக் குழுக்களாலும் அரண்மனைக்கு வெளியே நடக்கின்றன.